கடலில் போனவனுக்குக் கல்

தாயில்பட்டிக் கண்மாய்க் கரையில், வேலமரங்களுக்கு நடுவே, அய்யம்மாள் வீட்டுக்கு ஒரு கல் இருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டும் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அந்த இரண்டாவது கல் நடப்படாமலே இருந்ததில் அவளுடைய மருமகள் இருளம்மாளின் இளமை முழுவதும் கழிந்துபோயிற்று.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயதாகிப் படுக்கையில் கிடந்து சாகிறவர்களுக்குக் கல் கிடையாது. இடி விழுந்தோ, கிணற்றில் விழுந்தோ, வெளியூரிலோ காலத்துக்கு முன்னால் போனவர்களுக்குத்தான் கல் நடுவார்கள். மாசி மாதம் சிவராத்திரிக்கு அந்தக் கல்லின் முன் இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைப்பார்கள். கல் இல்லாதவருக்கு இலை இல்லை. இலை இல்லாதவர் பசியோடு அலைவார் என்பது நம்பிக்கை.

இன்னொன்றும் உண்டு. கல் நடுகிற அன்றைக்குத்தான் பெண்டாட்டியின் தாலியைக் கழற்றுவார்கள். கழற்றியவள் வேறொருவரைக் கட்டிக்கொள்ள அவர்களிடம் தடை இல்லை. வருஷம் திரும்பியதும் யாராவது கேட்டு வந்தால் மஞ்சள் கயிறு கட்டி அனுப்பிவைப்பார்கள். ஆனால் கல் நடாதவரை, கட்டினவன் எங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் அவனுக்குப் பெண்டாட்டிதான்.

அய்யம்மாளுக்கு இரண்டு மகன்கள். மழை இல்லாத ஒரு வருஷத்தில், காட்டு வேலை எதுவும் கிடைக்காதபோது, சாத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். மூத்தவன் சங்கிலிமுத்துவை பர்மா எல்லையில் ரோடு போடுகிற பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இளையவன் சோலைமலை அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவனைக் கப்பல் படைக்கு எடுத்தார்கள். கப்பலின் அடித்தட்டில், கொதிகலனுக்குத் தீ போடுகிற வேலை. முதல் லீவில் வந்தபோது, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து இருளம்மாளைக் கட்டி வைத்தார்கள். லீவு முடிகிறவரை கூட இருந்தான். பிறகு போனான்.

நாற்பத்திரண்டில் அவனுடைய கப்பலை ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடித்தான். ஆளைக் காணவில்லை என்று மட்டும் தகவல் வந்தது. மூத்தவன் அடுத்த இரண்டாம் வருஷம் காய்ச்சலில் செத்தான். அவனைப் புதைத்த பட்டாளத்துக்காரன் ஒருவன், லீவில் வந்தபோது நேராக அய்யம்மாள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று அழுதான். அவள் அவனைச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டு, மூத்தவனுக்குக் கல் நடச் சொன்னாள். அதில் அவளுக்குத் தயக்கமே இருக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு இளையவனைப் பற்றி ஒரு காகிதம் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துத் தேவாசீர்வாதம் வாத்தியார் அதைப் படித்துச் சொன்னார்.

“கப்பல் முங்குன நாள்ல இருந்து ஒரு சேதியும் இல்லையாம். அதனால இறந்துட்டதாக் கருதுறோம்னு எழுதியிருக்கு, அம்மா.”

“கருதுறது யாரு?”

“சர்க்கார்.”

“சர்க்காரு பாத்துச்சா?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாக்கலை.”

“மூத்தவனப் பொதச்சவன் வந்து நின்னான். குளி வெட்டுன கை இதுதான்னு காட்டுனான். நான் ஒத்துக்கிட்டேன். இவனப் பொதச்சது யாரு, வாத்தியாரய்யா?”

அவர் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். அவள் கேட்டதில் தப்பு இல்லை. அவள் வாழ்க்கையிலும், அவளைவிட அதிகமாக அவள் மருமகளின் வாழ்க்கையிலும் விளைந்த துன்பமெல்லாம் தப்பில்லாத இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

கோடாங்கி இருளாண்டியைக் கூப்பிட்டு உடுக்கை அடிக்கச் சொன்னார்கள். செத்தவர்களை அழைத்துப் பேசவைப்பது அவன் தொழில். சங்கிலிமுத்து அவன்மேல் வந்து இறங்கினான்; சுருட்டுக் கேட்டான், அம்மாவைத் திட்டினான், அழுதான். சோலைமலையை எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை.

“செத்தவன் வந்துட்டான். சாகாதவன் எப்பிடி வருவான்?” என்றாள் அய்யம்மாள்.

இருளாண்டி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். “மண்ணுல விளுந்தவனத்தான் உடுக்கு கூப்புடும், ஆத்தா. தண்ணியில போனவனுக்கு வளி தெரியாது.”

“அப்ப ஒனக்கும் தெரியாது. சர்க்காருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் என்னலே அவசரம்?”

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒருவன், தன் கருமாதியே முடிந்த பிறகு சியாமிலிருந்து வந்து நின்றான் என்ற செய்தியும் அந்த நாளில்தான் பரவியது. அது உண்மையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அய்யம்மாளுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

காட்டு வேலை குறைந்து பட்டாசு ஆபீஸ்கள் பெருகத் தொடங்கிய காலம் அது. தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். இருளம்மாள் ஒரு பட்டாசு ஆபீஸில் சரம் பின்னப் போனாள். சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்து ஜடை போலப் பின்னிக்கொண்டே போகிற வேலை. அவள் கை வேகமானது என்று சொல்வார்கள். அங்கே எல்லோருடைய கையும் வேகமானதுதான்.

வெடிமருந்து உள்ள இடத்தில் இரும்பும் வெள்ளியும் உரசக் கூடாது என்பதால் பெண்கள் வாசலிலேயே மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மாலையில் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் சில நாள் மறந்துபோவதுண்டு. இருளம்மாள் மறக்க முடியாது. வீட்டுப்படி ஏறும்போது அய்யம்மாளின் பார்வை முதலில் அவள் கால் விரலுக்குத்தான் போகும்.

லாரியில் லோடு ஏற்றுகிற சோணைமுத்து அந்த வாசலில்தான் அவளை முதலில் பார்த்தான். எம். புதுப்பட்டிக்காரன். பெண்டாட்டியும் பிள்ளையும் பிரசவத்திலேயே போய்விட்டவன். மற்றப் பெண்கள் அவளைக் கப்பல்காரி என்று கேலி பேசுவதைக் கேட்டுவிட்டு, அவனும் வாயைக் கொடுத்தான்.

“ஏங்க கப்பல்காரம்மா, கப்பலு எப்ப வருதாம்?”

“மளை பேஞ்சு கண்மாயி நெறஞ்சதும் வரும். ஒங்க லாரியக் கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க, கப்பலுக்கு எடம் வேணும்.”

வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் தனியாக வந்து, “விவரம் தெரியாமப் பேசிட்டேன். தப்பா நெனைக்காதீக” என்றான். “விவரம் எனக்கே தெரியலை. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் அவள்.

அவர்கள் பழகிய விதம் இவ்வளவுதான். தீபாவளி சீசனில் லோடு அதிகம். லாரி நிற்கிற நேரமும் அதிகம். அவன் திருட்டுத்தனம் எதையும் செய்யவில்லை. ஐம்பத்துநான்காம் வருஷம், பங்குனியில், தன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு முறையாகப் பெண் கேட்டு வந்தான். அய்யம்மாள் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று.

கூட்டத்துக்கு நாட்டாமை ராக்கப்பன். ஆண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள்.

“நான் இன்னொருத்தன் பொண்டாட்டியக் கேட்டு வரலை” என்றான் சோணைமுத்து. “இல்லாதவன் பொண்டாட்டியக் கேட்டு வந்திருக்கேன்.”

“எம் புள்ள இல்லைங்கான். ஏய்யா, நீ பாத்தியா?” என்றாள் அய்யம்மாள்.

“இம்புட்டு வருசமா வராதவரு இனிமேயா வருவாரு, ஆத்தா?”

“சியாம்ல இருந்து ஒருத்தன் வரலை? கருமாதி முடிஞ்சு வந்து நிக்கலை?”

கூட்டத்தில் ஒருவன், “வந்ததும் வராததுமா, எங் கருமாதிச் சோத்துல உப்புப் பத்தலைன்னு சண்டை போட்டானாம்லே” என்றான். சிரிப்பு எழுந்தது. ராக்கப்பன் துண்டை உதறி அதை அடக்கினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தீர்ப்பின் பாரம் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

“சர்க்காரு சொன்னத ஆத்தா ஒத்துக்கல. ஆத்தா சொல்றத இந்தத் தம்பி ஒத்துக்கல. கட்டுனவ சொல்லட்டும். ஏத்தா இருளம்மா, ஒம் புருசன் செத்துட்டான்னு சபையில ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே கல்ல நட்டு, கயித்தக் கழட்டி விட்டுருவோம். வேற யாரும் குறுக்க பேசப்படாது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அய்யம்மாள் கெஞ்சவில்லை, சபிக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்து இருளம்மாள் பக்கம் திரும்பாமல் நின்றான்.

இருளம்மாள் வாயைத் திறந்தாள்.

“எனக்குத் தெரியலையே, மாமா” என்றாள்.

“தெரியாதத யாரு கேட்டா? சொல்லுன்னுதான சொல்லுதேன்.”

“தெரியாம எப்பிடிச் சொல்ல? எங்கயாவது உசுரோட கெடந்தாகன்னா, எவ் வாயாலயா சாகணும்?”

கூட்டம் கலைந்தது. ஊர் அவளைப் பத்தினி என்றது. அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தவில்லை. கூடக் கொஞ்ச நாள் மட்டும் இருந்த ஒருவன்மேல் பெரிய காதல் இருந்ததாகவும் அவள் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள், அவ்வளவுதான். மாமியாரின் அதே கேள்விதான் மருமகளின் வாயையும் கட்டிப்போட்டது. அந்த ஒரு வார்த்தையை எல்லோரும் அவளிடமிருந்து எதிர்பார்த்தார்கள். அவளுக்காக அதைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வாத்தியாரும்கூட, காகிதத்தில் இருந்ததைப் படித்தேனே தவிர எனக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

சோணைமுத்து இன்னும் இரண்டு மாசிகள் பார்த்தான். சிவராத்திரிக்குக் கண்மாய்க் கரையில் ஒரே இலைதான் விழுந்தது என்று கேள்விப்பட்ட பிறகு, தன் ஊரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். லாரி பழையபடி வந்தது.

“புள்ள பெறந்திருக்காம்ல?” என்று ஒருநாள் இருளம்மாள் கேட்டாள்.

“ஆமா. பொட்டப்புள்ள.”

“நல்லா இருக்கட்டும்.”

அவன் பண்டல்களை ஏற்றினான். அவள் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் அய்யம்மாள் அவளைக் கொடுமைப்படுத்தினாள் என்று நினைத்தால் அது தவறு. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சிவராத்திரிப் படையல் முடிந்து வந்ததும், இளையவன் பங்கு என்று ஒரு கும்பாவில் தனியாகச் சோறு எடுத்து வைப்பாள். கல் இல்லாததால் அதைப் படைக்க முடியாது. “அவன் பங்க நீதான் திங்கணும்” என்று இருளம்மாளிடம் கொடுப்பாள். இருளம்மாள் தன் சோற்றையும் அவன் சோற்றையும் சாப்பிடுவாள். வயிறு கொள்ளாவிட்டாலும் மிச்சம் வைக்கக் கூடாது.

அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். வடக்கே போகிற பட்டாளத்து ரயில்கள் விருதுநகர் ஜங்ஷனில் நிற்கின்றன, ஜனங்கள் சோற்றுப் பொட்டலமும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அய்யம்மாளுக்கு அப்போது முழங்கால் வலி. இருந்தும் புளிச்சோறு கட்டச் சொன்னாள்.

“எதுக்கு அத்தே இம்புட்டுத் தூரம்? இங்கனயே யார்கிட்டயாவது குடுத்து விடுவோம்.”

“பட்டாளம் பூராத்தையும் திருப்பிக் கூப்புடுதாகளாம்ல. பளைய ஆளுகளையுந்தான்.”

யார் சொன்னது என்று இருளம்மாள் கேட்கவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி விருதுநகருக்குப் போனார்கள்.

ரயில் வந்து நின்றதும் பிளாட்பாரம் முழுக்கக் கைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். அய்யம்மாள் ஒவ்வொரு ஜன்னலாக நடந்தாள். அரும்புமீசைப் பையன்களின் முகங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பொட்டலத்தைக் கொடுக்கும்போது கன்னத்தைத் தொட்டாள். பையன்கள் கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். ஒருவன், “பாட்டி, எனக்கும் ஒரு கிள்ளு” என்றான். பெட்டி வாசலில் தலை நரைத்த ஹவில்தார் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அய்யம்மாள் அவரை ஏறிட்டும் பாராமல் தாண்டிப் போனாள். அடுத்த பெட்டியிலும் அப்படித்தான்.

பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த இருளம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அத்தே” என்றாள். “நீங்க சின்னப் பயகளாவே பாக்கீக. அவுகளுக்கு இப்ப நாப்பதுக்கு மேல ஆவும். நரைச்சிருக்கும்.”

அய்யம்மாள் நின்றாள். கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, நரைத்த தலை ஹவில்தாருக்கு முன்னால் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என்னம்மா, யாரைத் தேடுறீங்க?” என்றார் அவர்.

“யாரையும் இல்லய்யா. சாப்புடுங்க.”

பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விட்டு விலகி வந்தாள். ரயில் புறப்பட்டது. அவள் கடைசிப் பெட்டிகளைப் பார்க்கவில்லை.

பஸ் சாத்தூரைத் தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “நரைச்ச மொகம் எனக்குத் தெரியாதுளா. அவனே வந்து முன்னால நின்னாலும் எனக்குத் தெரியாது.”

அவள் காத்திருந்தது இருபத்திரண்டு வயதுப் பையனுக்காக. அந்தப் பையன், கப்பல் மூழ்கியிருந்தாலும் மூழ்காவிட்டாலும், இப்போது உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. சர்க்கார் காகிதத்தாலும் உடுக்கையாலும் ஆகாததை ஒரு நரைத்த தலை செய்துவிட்டது. மகன் செத்தானா என்பது அவளுக்கு அன்றைக்கும் தெரியாது. தெரியாமலே விட்டுக்கொடுத்தாள்.

“ராக்கப்பன்கிட்டச் சொல்லு” என்றாள் வீட்டுக்கு வந்ததும். “கல்லு பாக்கச் சொல்லு.”

மாசியில் கல் வந்தது. அடியில் என்ன வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஆள் விழுந்த இடத்து மண் இருந்தால் ஒரு பிடி வைப்பார்கள். இங்கே விழுந்த இடம் கடல். இருளாண்டி யோசித்துவிட்டு கடலோரத்து வேம்பாரிலிருந்து உப்பு வாங்கிவரச் சொன்னான். ஒரு பிடி உப்பைக் குழியில் போட்டு அதன்மேல் கல்லை நட்டார்கள்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றித்தான் இருளம்மாளின் தாலியைக் கழற்றினார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் அண்ணன் கொண்டுவந்திருந்தான். அதை உடுத்திக்கொண்டு கல்லின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது இலையைப் போட்டார்கள்.

“ஒம் புருசனுக்கு என்ன பிடிக்கும்? நீதான் சொல்லணும்” என்றான் இருளாண்டி.

“தெரியாது.”

பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது.

“ஒரு லீவுதான் இருந்தாக. அப்ப வீட்டுல கூளுதான் இருந்துச்சு. பிடிக்கும் பிடிக்காதுன்னு சொல்ல அதுல என்ன இருக்கு?”

அய்யம்மாள்தான் சொன்னாள்: கருப்பட்டி, பனங்கிழங்கு, அவித்த மொச்சை, தேங்காய்ச் சில்லு. எல்லாவற்றையும் வைத்த பிறகு பார்த்தால் அது ஒரு சிறுவனின் இலையாக இருந்தது. கப்பலின் அடித்தட்டில் நெருப்பின் முன்னால் நின்ற அந்த ஆளை அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. தாய்க்கு அவனுக்கு முந்தியவனைத் தெரியும். பெண்டாட்டிக்கு அதுவும் தெரியாது. இருளம்மாள் அன்றைக்கு வெகுநேரம் அழுதாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று ஊர் சொன்னது. அவள் யாருக்காக அழுதாள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியதும் ஒரு வரன் வந்தது. கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தவர். “இனிமே எனக்கு எதுக்கு?” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனால் மாமியாரோடு இருக்கவும் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அங்கே அவளுக்கென்று எதுவும் காத்திருக்கவில்லை. அந்த ஊரிலும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது, குச்சி அடுக்கும் வேலை கிடைக்கும். அவளைப் பத்தினி என்று சொன்ன அதே வாய்கள், கெழவியைத் தனியே விட்டுவிட்டுப் போகிறாள் என்றன. அந்த வாசலில் இருந்த காலம் வரை அவள் ஒருவனுடைய பெண்டாட்டி. இப்போது அவனும் இல்லை என்று ஆன பிறகு, அவள் அங்கே யார்?

போகிற அன்று காலையில் அய்யம்மாள் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். பூ வைக்க முடியாது, வெறும் ஜடை. துணி மூட்டையை எடுத்துக்கொண்டு இருளம்மாள் படியிறங்கினாள்.

“அத்தே, போயிட்டு வாரேன்.”

“அப்பிடிச் சொல்லாத” என்றாள் அய்யம்மாள்.

இருளம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு பயகளும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனானுக. வாரேன்னு சொன்னா நான் வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். இனிமே என்னால ஆகாது, தாயி. போறேன்னு சொல்லு.”

வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் வாய் தவறிக்கூட அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. இருளம்மாள் மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தோடு போனார்கள். அவர்கள் தாண்டிப் போகிறவரை நின்றாள்.

“போறேன் அத்தே.”

“போ” என்றாள் அய்யம்மாள். மருமகள் தெரு முனையைத் திரும்புவதற்கு முன்னாலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.